பார்னீசே மாளிகைக்குள் விடுவார்களா?

"அப்பா அம்மாவுடன் ரோம் போகிறோம். பிரெஞ்சுத் தூதரகம் இருக்கும் பார்னீசே மாளிகைக்குள் விடுவார்களா? அது பிரெஞ்சுக்காரர்கள் கட்டியதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

விடுவார்கள். ஆனால் நேரே வாசலில் போய் நின்றால் நடக்காது. வழிகாட்டி அழைத்துப் போகும் சுற்றுக்கு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் முடித்துவிடுங்கள். அன்றைக்குப் பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் கட்டியதல்ல. சந்தேகம் வருவது இயல்புதான். எதிரே சதுக்கத்திலுள்ள இரண்டு நீரூற்றுகளின் உச்சியைப் பாருங்கள், கல்லில் லில்லிப்பூ இருக்கும். பிரான்ஸ் மன்னர்களின் சின்னமும் லில்லிதான். ஆனால் இது மாளிகையைக் கட்டிய இத்தாலியப் பார்னீசே குடும்பத்தின் லில்லி. அந்த நீரூற்றுகளின் கருங்கல் தொட்டிகள் இன்னும் பழையவை. ரோமப் பேரரசர் கராகல்லாவின் குளியல் மண்டபத்திலிருந்து வந்தவை.

மாளிகையைத் தொடங்கியவர் அந்தக் குடும்பத்தின் கர்தினால் (கத்தோலிக்க உயர்குரு) அலெஸ்ஸாந்த்ரோ பார்னீசே. கட்டடக் கலைஞர் அந்தோனியோ தா சங்கல்லோ. 1534இல் கர்தினாலே மூன்றாம் பவுல் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். மாளிகையின் திட்டமும் பெரிதானது. 1546இல் சங்கல்லோ இறந்ததும் வேலை மைக்கேலாஞ்சலோ கைக்கு வந்தது. கூரை விளிம்பு எப்படி அமையும் என்று பார்க்க, மரத்தில் ஒரு மாதிரி செய்து மேலேயே பொருத்திப் பார்த்தாராம். சதுக்கத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள், அந்தச் சிரத்தை புரியும்.

பிறகு பார்னீசே ஆண் வாரிசு அற்றுப்போய், சொத்து நேப்பிள்ஸின் பூர்போன் அரச குடும்பத்துக்குப் போனது. இங்கிருந்த புகழ்பெற்ற ஹெர்குலிஸ் சிலையும் நேப்பிள்ஸ் போய்விட்டது, இங்கே தேடாதீர்கள். தூதரகம் 1874இல் குடிவந்தது. 1911இல் பிரான்ஸ் மாளிகையை விலைக்கே வாங்கியது. 1936இல் இத்தாலி திரும்ப வாங்கி, 99 ஆண்டுக் குத்தகைக்குப் பிரான்ஸிடமே கொடுத்தது. வாடகை பேருக்கு ஒரு லிரா (இத்தாலியின் பழைய நாணயம்)! பதிலுக்குப் பாரிஸில் இத்தாலியத் தூதரகத்துக்கும் ஒரு மாளிகை கிடைத்தது.

உள்ளே போனால் கராச்சி கூடத்தில் நிதானமாக நில்லுங்கள். அன்னிபாலே கராச்சி 1597இல் தொடங்கிய விதான ஓவியம் அது. மேலே கற்சிலை போலத் தெரிபவையும் தூரிகை வேலைதான். எனக்கு ரோமிலேயே மிகப் பிடித்த விதானம் இது.

முன்பதிவு கிடைக்கவில்லையா? பின்பக்கம் ஜூலியா தெருவுக்கு நடந்து போங்கள். தெருவுக்குக் குறுக்கே ஒரு வளைவு வரும், அதையொட்டி மாளிகையின் பின்முகப்பு. அதைப் பார்க்க யாரும் அனுமதி கேட்கமாட்டார்கள்.