பெயரை மறைத்தவரும் எண் தெரிந்த பிள்ளையும்

கேள்வி: எங்கள் மகனுக்கு 15 வயது, உயர்நிலைப் பள்ளியின் வார்சிட்டி (முதன்மை) கால்பந்து அணியில் கோல்கீப்பர். சென்ற மாதம் ஓர் ஆட்டத்தில் அணி நான்கு கோல் வாங்கித் தோற்றது. அன்றிரவே உள்ளூர்க் கால்பந்தைப் பற்றிப் பேசும் இணையத் தளம் ஒன்றில், யாரோ ஒருவர் புனைபெயரில், பள்ளியின் பெயரையும் அவனுடைய சட்டை எண்ணையும் போட்டு, ‘அப்பா நன்கொடை கொடுத்து வாங்கிய இடம்’ என்று எழுதியிருந்தார். கீழே இன்னொருவர் அவனுடைய இந்தியப் பெயரைக் கேலி செய்திருந்தார். தாமும் ஒரு புனைபெயரில் பதிலடி கொடுக்க வேண்டும், வழக்குப் போட்டாவது ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார் என் கணவர். அதே ஆட்டத்தில் தலையில் அடிபட்ட ஒரு மாணவனைப் பயிற்சியாளர் மறுபடியும் களத்தில் இறக்கியதையும் அங்கேயே எழுதப்போகிறாராம். என் பெயரை வெளியிட வேண்டாம்.
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டபடியே உங்கள் பெயரை வெளியிடவில்லை. ஆகவே, பெயரை மறைத்துப் பேசுவதே தவறு என்று நான் வாதிட முடியாது, வாதிடவும் விரும்பவில்லை. பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் ஆடும் கால்பந்து கிளப்புக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டும் பெற்றோர்கூட, பயிற்சியாளரை வெளிப்படையாகக் குறை சொன்னால் அடுத்த வாரம் பிள்ளை பெஞ்சில் உட்கார நேரிடுமோ என்று அஞ்சி வாயை மூடிக்கொள்கிறார்கள். அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கால்பந்தில் நடந்த அத்துமீறல்களை விசாரித்து 2022 அக்டோபரில் வெளியான வழக்கறிஞர் சாலி யேட்ஸின் அறிக்கை, அவற்றின் வேர் இளையோர் கால்பந்திலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டியது. விளையாட்டில் நடக்கும் கொடுமைகளைப் பற்றிய புகார்களைப் பெறும் சேஃப்ஸ்போர்ட் மையம், பெயர் சொல்லாதவர்களின் புகார்களையும் ஏற்றுக்கொள்கிறது.

நான் பார்ப்பது, பெயரை மறைத்துக்கொண்டவர் யாரை வெளிச்சத்தில் நிறுத்துகிறார் என்பதைத்தான். கட்டணத்தையோ, ஆள் தேர்வையோ, பயிற்சியாளரின் கடும்பேச்சையோ பற்றி ஒருவர் புனைபெயரில் எழுதினால், எதிர்ப்பக்கம் இருப்பது பதில் சொல்லும் வலிமையுள்ள ஒரு நிறுவனம். உங்கள் மகன் விஷயத்திலோ எழுதியவர் பெரும்பாலும் வயது வந்தவர். எழுதப்பட்டவன் 15 வயதுப் பையன். பள்ளி அணியின் பட்டியலில் எண்ணுக்கு நேரே பெயரும் வகுப்பும் உயரமும் இருக்கும் என்பதால், எண்ணைச் சொல்வதும் பெயரைச் சொல்வதும் ஒன்றுதான். அதிலும் கோல்கீப்பர் மற்ற பத்துப் பேரிடமிருந்து வேறு நிறத்தில் சட்டை அணிந்து தனியே நிற்பவன், எண்கூட வேண்டியதில்லை. இது பழைய மொட்டைக் கடிதாசியைவிடக் கொடியது என்பேன், அதையாவது ஒருவர்தான் பிரித்துப் படித்தார்.

உங்கள் கணவர் புனைபெயரில் பதில் எழுத வேண்டாம். மூன்றாவது கோலின்போது தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் முன்னேறிப் போயிருந்தார்கள் என்று நினைவாக விளக்க கோல்கீப்பரின் அப்பாவை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? இருபது குடும்பங்கள் ஒரே எல்லைக்கோட்டருகே நிற்கும் ஊரில் முதல் வரியிலேயே ஆளைத் தெரிந்துவிடும். சண்டை வளரும், பையனின் எண் இன்னும் பத்து முறை அடிபடும். அதற்குப் பதிலாக, அந்தப் பதிவுகளைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 18 வயது நிரம்பாத மாணவனை அடையாளம் காட்டும் பதிவு என்பதைச் சொல்லி, அதை நீக்கும்படி தளத்தை நடத்துபவருக்குச் சுருக்கமாக எழுதுங்கள். 1996-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, பிறர் எழுதியதற்கு அவர் பொறுப்பாளி ஆகமாட்டார். எனவே மிரட்டலைவிடக் கண்ணியமான வேண்டுகோளே பலிக்க வாய்ப்பு அதிகம்.

வழக்கு வீண் செலவு. பெயர் மறைத்து எழுதியவரின் அடையாளத்தைக் கேட்டு வருபவர், அவருக்கு முதலில் தகவல் தர முயல வேண்டும், அவதூறான வாசகங்களைத் துல்லியமாகக் காட்ட வேண்டும், போதிய ஆதாரம் வைக்க வேண்டும், அதன் பிறகும் நீதிமன்றம் பேச்சுரிமையோடு அதைச் சீர்தூக்கிப் பார்க்கும் என்று உங்கள் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமே 2001-இல் டென்ட்ரைட் வழக்கில் வகுத்திருக்கிறது. ‘மோசமான கோல்கீப்பர்’ என்பது வெறும் கருத்து. நன்கொடைக் கதையை வேண்டுமானால் பொய் என்று நிரூபிக்கலாம். அதற்கு ஆகும் காலத்தில் பையன் கல்லூரிக்கே போய்விடுவான்.

பெயரைக் கேலி செய்தது வேறு கணக்கு. அதை எழுதியவர் மாணவராக இருக்கலாம் என்று தோன்றினால், நியூ ஜெர்சியின் 2011 கேலிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பள்ளி முதல்வரிடம் புகார் கொடுங்கள். இனம், பூர்விகம் போன்றவற்றை வைத்துச் சீண்டுவது அதில் அடங்கும்; பள்ளிக்கு வெளியே நடந்திருந்தாலும் அதன் பாதிப்பு பள்ளிக்குள் வந்தால் விசாரிக்க வேண்டும், விசாரணையைப் பத்துப் பள்ளி நாள்களுக்குள் முடிக்க வேண்டும். புகார் கொடுப்பதற்கு முன் மகனிடம் கேட்டுவிடுங்கள். அவன் அதை உங்களுக்கு முன்பே படித்திருப்பான். அணித் தோழர்களோடு சிரித்துக் கடந்துமிருக்கலாம், அல்லது யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கலாம். எதுவானாலும் அவனுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது உங்கள் கடிதத்தின் கடைசிச் செய்திதான். தலையில் அடிபட்டதால் மூளை அதிர்ச்சி (கன்கஷன்) என்று ஐயம் எழுந்தாலே மாணவனை உடனே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் பரிசோதித்து எழுத்தில் அனுமதி தரும்வரை இறக்கக் கூடாது என்பது 2010-இலிருந்தே நியூ ஜெர்சிச் சட்டம். இவ்வளவு பாரமான ஒன்றைப் புனைபெயரில் எழுதினால் அது இன்னொரு வம்பாகவே படிக்கப்படும். தோற்ற அணியின் கோல்கீப்பர் வீட்டு ஆத்திரம் என்று தள்ளிவிடுவார்கள். உங்கள் கணவர் தம் பெயரில், ஆட்டத்தின் தேதி, அடிபட்ட நேரம், திரும்ப இறங்கிய நேரம் ஆகியவற்றை மட்டும் குறிப்பிட்டு, பள்ளியின் விளையாட்டு இயக்குநருக்கும், வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னருக்கும் எழுதட்டும். அதற்கும் முன்னால், இன்றைக்கே, அந்தப் பையனின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அன்று அவர்கள் ஆட்டத்துக்கு வந்திருக்காவிட்டால், அவன் அடிபட்டதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.