அந்தக் கூப்பன் யார் காசு? (கேள்வி-பதில்)

அமெரிக்காவில் டார்கெட் கடையில் ஒரே டிஷ் சோப்புக்கு இரண்டு கூப்பன் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ஒன்றுதான் என்றார்கள். யார் சொல்வது சரி?

இருவரும் சரிதான். கூப்பன் கைக்கு வந்ததும் தள்ளுபடி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தக் காசைக் கொடுப்பது யார் என்று பாருங்கள். மேல் ஓரத்தில் ‘மேனுஃபேக்சரர் கூப்பன்’ என்று இருந்தால் சோப்புக் கம்பெனி கொடுக்கிறது. கீழே பொடி எழுத்தில் கடைக்காரருக்கு ஒரு குறிப்பும் இருக்கும்: கூப்பன் மதிப்போடு 8 சென்ட் கூலியும் சேர்த்துத் தருகிறோம் என்று. கடை அந்தத் தாளை அனுப்பிப் பணத்தை வாங்கிக்கொள்ளும். கடையே வெளியிட்ட கூப்பன் என்றால் கடைதான் விட்டுக்கொடுக்கிறது.

ஒரு பொருளுக்குக் கம்பெனி கூப்பன் ஒன்று, அதன் மேல் கடைக் கூப்பன் ஒன்று. டார்கெட் இதற்கு இடம் கொடுக்கிறது, எல்லாக் கடையும் கொடுப்பதில்லை. ஒரே பொருளுக்கு இரண்டு கம்பெனி கூப்பனை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கடை லோகோ இருக்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம். லோகோவுக்குப் பக்கத்திலேயே ‘மேனுஃபேக்சரர்’ என்று போட்டிருந்தால் அது கம்பெனி கூப்பன்தான். கடை ஆப்பில் தட்டிச் சேர்த்துக்கொள்ளும் (‘கிளிப்’ செய்யும்) டிஜிட்டல் கூப்பன்களிலும் பல அந்த வகைதான். அதைப் போட்ட பொருளுக்குக் காகிதக் கூப்பனையும் நீட்டினால் கேஷியர் திருப்பித் தருவது நியாயம்.

‘லிமிட் ஒன் பெர் பர்ச்சேஸ்’ என்று இருந்தது. நான்கு பற்பசைக்கு நான்கு கூப்பன் கொடுத்தேன். ஒன்றுதான் செல்லும் என்றார் கேஷியர்.

இந்தக் குழப்பம் கேஷியர்களுக்கே உண்டு. பர்ச்சேஸ் என்பது வாங்கும் ஒவ்வொரு பொருளையும் குறிக்கும். முழு பில்லுக்கு ஒன்றுதான் என்றால் ‘பெர் டிரான்சாக்‌ஷன்’ என்று போட்டிருப்பார்கள். ஆகவே நான்கு டியூப், நான்கு கூப்பன், சரிதான். ஆனால் அதே தாளில் ‘ஒரு ஷாப்பிங்குக்கு ஒரே மாதிரி இத்தனைதான்’ என்று இன்னொரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கடைக்கும் தனி வரம்பு இருக்கலாம். தாளில் இருப்பதைவிட அது குறைவாக இருந்தால் கடை சொல்வதுதான் நடக்கும்.

கடையின் இணையதளத்தில் கூப்பன் பாலிசி பக்கத்தைத் திறந்து போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது வாதாடாமல், கஸ்டமர் சர்வீஸ் மேஜைக்குப் போய்க் காட்டினால் காரியம் நடக்கும்.

1 டாலர் கூப்பன், பொருளோ 80 சென்ட். மீதி கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. வால்மார்ட் ஒரு காலத்தில் அந்த 20 சென்ட்டையும் தந்தது, அப்புறம் நிறுத்திவிட்டது. பொருள் இலவசமாகக் கிடைத்ததே, அதோடு விடுங்கள்.

காஸ்ட்கோவில் செய்தித்தாள் கூப்பன் எடுப்பார்களா?

மாட்டார்கள், அங்கே அவர்களுடைய தள்ளுபடி மட்டும்தான். சாம்ஸ் கிளப்பும் அப்படியே. இப்படி உறுப்பினர் அட்டை எடுத்தவர்களுக்கு விற்கும் கடைகளில் கம்பெனி கூப்பனை ஏற்பது பிஜேஸ்.

கூப்பன் போட்டும் முழு விலைக்கு வரி போட்டிருக்கிறார்களே?

மறுபடியும் அதே கதை, காசு யாருடையது என்பதுதான். 5 டாலர் சோப்புக்கு 1 டாலர் கம்பெனி கூப்பன் கொடுத்தால், உங்களிடம் 4, கம்பெனியிடம் 1 என்று கடைக்கு 5 டாலரும் வந்து சேர்கிறது. அதனால் கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் 5 டாலருக்கும் விற்பனை வரி. கடைக் கூப்பனாக இருந்தால் 4 டாலருக்குத்தான். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும்.

விளம்பரத்தில் போட்ட பொருள் தீர்ந்துவிட்டது. கூப்பனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

‘ரெயின் செக்’ கேளுங்கள். விளம்பர விலையை எழுதித் தரும் சீட்டு அது. ஸ்டாக் வந்ததும் அந்த விலைக்கே வாங்கலாம். நீங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம்: சீட்டு கடை விலையைத்தான் காப்பாற்றும், கூப்பனின் தேதியை நீட்டிக்காது.

நல்ல கூப்பன் ஒன்று கிடைத்தது. நகல் எடுத்துப் பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது, அது மோசடி. கள்ளக் கூப்பன் அச்சடித்த வர்ஜீனியா பெண் ஒருவருக்கு 2021-ல் 12 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். இழப்பு 3 கோடி டாலருக்கு மேல்.

தேதி முடிந்த கூப்பன் கட்டாகக் கிடக்கிறது. குப்பைதானா?

உங்கள் ஊர்க் கடையில் குப்பைதான். ஆனால் வெளிநாடுகளில் இருக்கும் அமெரிக்க ராணுவத் தளங்களில் உள்ள கமிஸரிகள், அதாவது ராணுவக் குடும்பங்களுக்கான மளிகைக் கடைகள், தேதி முடிந்து 6 மாதம் வரை கம்பெனி கூப்பன்களை ஏற்பது வழக்கம். இவற்றைத் திரட்டி அங்குள்ள குடும்பங்களுக்கு அனுப்பும் தன்னார்வக் குழுக்கள் இருக்கின்றன. உணவுப் பொருள் தனி, மற்றவை தனி என்று பிரித்துக் கட்டிக் கொடுங்கள். தபால் போய்ச் சேர நாள் பிடிக்கும், அதனால் தேதி முடிந்த கையோடு அனுப்பிவிடுவது நல்லது.