செமிட்டிக் மொழிகள் எல்லாமே உயிரெழுத்து இல்லாமல், வலமிருந்து இடமாகத்தான் எழுதப்படுகின்றனவா?

இல்லை. செமிட்டிக் மொழிக்குடும்பம் என்றதும் எல்லாருக்கும் அரபியும் ஹீப்ருவும் மட்டுமே ஞாபகம் வருகின்றன. நீங்களும் வளைகுடா நாட்டுக் கடை போர்டுகளைப் பார்த்துதான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அரபிக்கு அடுத்து அதிகம் பேர் பேசும் செமிட்டிக் மொழி எத்தியோப்பியாவின் அம்ஹாரிக். அது இடமிருந்து வலமாகப் போகும், ஒவ்வொரு எழுத்திலும் உயிர் ஒட்டியிருக்கும்.

நான் மொழியியல் படித்தவன் அல்ல. எத்தியோப்பியாவின் பஹிர் தார் நகரில் சில வருடம் சிவில் பாடம் எடுத்தவன். வீட்டுக்காரம்மாவின் மகள் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். சாயங்காலமானால் ஃபிடெல் என்ற அம்ஹாரிக் எழுத்து அட்டவணையைத் தொட்டுத் தொட்டு "லெ, லு, லி, லா, லே, ல், லோ" என்று ராகம் போட்டுப் படிப்பாள். க, கா, கி, கீ கேட்டு வளர்ந்த எனக்கு அது என்னவென்று யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அடிப்படை எழுத்து 33, உயிர் 7, ஆக 231. நாம் 247 படித்தவர்கள். என்னோடு வேலை பார்த்த ஐரோப்பியர்கள் 231 எழுத்தா என்று மலைத்து, ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தே பேசப் பழகினார்கள். நான் அதற்குள் பஸ் போர்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை இன்னும் எனக்கு உண்டு.

ஆனால் அப்படியே நம் எழுத்துமுறை என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே புள்ளி கிடையாது. ஆறாம் வரிசை எழுத்து, அதாவது அந்தப் பெண் "ல்" என்று படித்தது, ஓரிடத்தில் வெறும் மெய்யாகவும் இன்னோரிடத்தில் குட்டி உயிரோடும் ஒலிக்கும். ஒற்று இரட்டிப்பதையும் காட்டமாட்டார்கள். "அலெ" என்றால் சொன்னான், "அல்லெ" என்றால் இருக்கிறது. எழுத்தில் இரண்டும் ஒன்றே.

இந்த எழுத்துக்கும் அரபிக்கும் மூலம் ஒன்றுதான். சினாயில் செராபித் எல் காதிம் சுரங்கப் பகுதியில் 1905இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த கல்வெட்டுகளில், எகிப்தியச் சித்திரங்களைச் செமிட்டிக் மக்கள் தங்கள் மெய்யொலிகளுக்கு எடுத்துக்கொண்டது தெரிகிறது. அதிலிருந்து ஒரு கிளை ஃபினீசியர் என்ற பழைய கடல்வணிகர்கள் வழியாக அரமேயம் என்ற இன்னொரு செமிட்டிக் மொழிக்குப் போனது. இன்றைய ஹீப்ரு எழுத்தும், நபாத்தேயர் என்ற பழைய அரபு மக்கள் வழியாக அரபி எழுத்தும் அங்கிருந்து வந்தவை. இன்னொரு கிளை யேமனுக்குப் போய் 29 எழுத்துள்ள சபேய எழுத்தாகி, செங்கடல் தாண்டி எத்தியோப்பியாவின் பழைய அரசான அக்ஸும் வந்தது. அங்கும் முதலில் மெய் மட்டுமே. 4ஆம் நூற்றாண்டில், எசானா மன்னர் காலத்தில், கீஸ் என்ற பழைய எத்தியோப்பிய மொழிக் கல்வெட்டுகளில் உயிர்க்குறிகள் வருகின்றன.

உடனே "பிராமியைப் பார்த்துத்தான் செய்தார்கள்" என்று கமெண்ட் வரும். அப்படி ஊகித்த அறிஞர்கள் உண்டு. யேமனைச் சேர்ந்த சொகொத்ரா தீவின் ஹோக் குகையில் இந்திய வணிகர்களின் பிராமிக் கிறுக்கல்களும் அக்ஸும்காரர்களின் எழுத்துகளும் இருப்பதும் உண்மை. ஆனால் இது அதிலிருந்து வந்தது என்று காட்டும் நேரடிச் சான்று கிடையாது. தயவுசெய்து வாட்ஸப்பில் ஏற்றாதீர்கள்.

"அரபியில் உயிர் இருக்கிறதே" என்பவர்களுக்கு: நெடிலை அலிஃப், வாவ், யா கொண்டு எழுதுவார்கள். குறில் குறிகள் பிற்பாடு வந்தவை, நாளிதழில் அவற்றைப் போடுவது அபூர்வம். இதற்கெல்லாம் வெகு முன்பே மெசபடோமியாவின் அக்காடியர்கள் களிமண்ணில் பதிக்கும் ஆப்பெழுத்தில் உயிரோடு, இடமிருந்து வலமாக எழுதியாயிற்று. அதுவும் செமிட்டிக் மொழிதான்.

இவ்வளவு பழைய எழுத்து மரபு உள்ள நாட்டைப் பற்றி நம் ஊரில் என்ன நினைக்கிறார்கள் தெரியுமா? திரும்பி வந்து ஒரு தனியார் கல்லூரிக்கு இன்டர்வியூ போனேன். "ஆப்பிரிக்காவில் வேலை பார்த்ததை எல்லாம் அனுபவத்தில் சேர்க்க மாட்டோம் சார்" என்று ஃபைலை மூடினார்கள். லண்டன் என்றால் சேர்த்திருப்பார்கள்.

அம்ஹாரிக் கற்க எண்ணமிருந்தால் தயங்காதீர்கள். அந்தப் பக்கத்தின் இன்னொரு மொழிக் கூட்டமான குஷிட்டிக் மொழிகளோடு கலந்து பழகியதால் வினை நம் மொழி போலவே கடைசியில்தான் வரும். தொண்டையை அடைத்து வெடிக்கவிடும் த, க ஒலிகளுக்குத்தான் பக்கத்தில் ஓர் எத்தியோப்பியர் வேண்டும்.