டேப் நிறுத்தங்களும் நெடுவரிசைத் தரவும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: டேப்பால் பிரிக்கப்பட்ட கோப்பை உரைத்திருத்தியில் திறந்தால், சில வரிகளில் மட்டும் நெடுவரிசைகள் வலப்புறம் நகர்ந்துவிடுகின்றன. கோப்பு பழுதாகிவிட்டதா?

பதில்: கோப்பில் பழுது ஏதும் இல்லை. டேப் என்பது இத்தனை இடைவெளி என்ற அளவு அன்று; அடுத்த நிறுத்தம்வரை செல் என்னும் ஆணை. நிறுத்தங்கள் 8 இடத்துக்கு ஒன்றாக இருக்கும்போது, 7 எழுத்துள்ள சொல்லுக்குப் பின் வரும் டேப் ஒரே ஓர் இடத்தைக் கடந்து 8இல் நின்றுவிடும். அதே சொல்லில் 8 எழுத்து இருந்தால், அந்த நிறுத்தத்தை ஏற்கெனவே எட்டிவிட்டதால், 16 வரை சென்றே நிற்கும். ஓர் எழுத்துக் கூடியதால் அந்த வரியின் மீதி முழுவதும் ஒரு நிறுத்தம் தள்ளிப்போவதைத்தான் நீங்கள் காண்கிறீர்கள்.

கேள்வி: டேப் அகலத்தை 30 ஆக்கியதும் வரிசை சரியானது, ஆனால் இரண்டு மூன்று நெடுவரிசைகளிலேயே திரை நிரம்பிவிடுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. பெயருக்குத் தேவைப்படும் 30 இடத்தை நான்கு எழுத்துக் குறியீட்டுக்கும் கொடுப்பதால்தான் திரை வீணாகிறது. விம் உரைத்திருத்தியில் 2018 முதல் 'வார்டேப்ஸ்டாப்' என்ற அமைப்பு இருக்கிறது. அதற்கு 30,8,12 என்று மதிப்புக் கொடுத்தால், முதல் நெடுவரிசை 30 இடமும், இரண்டாவது 8 இடமும், மூன்றாவது 12 இடமும் பெறும். அதன்பின் வருவனவற்றுக்கெல்லாம் கடைசி எண்ணே தொடரும். ஒவ்வோர் அகலமும் அந்த நெடுவரிசையின் மிக நீண்ட மதிப்பைவிடக் குறைந்தது ஓர் இடமாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை இடைக்கோடுகளுடன் எழுதினால் 10 இடம் பிடிக்கும். ஆகவே தேதிக்கு 12 என்பது வசதியான அளவு. நீண்ட வரிகள் மடிந்தால் இத்தனை ஏற்பாடும் பயனற்றுப் போகும் என்பதால், வரி மடிப்பையும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கோப்பை முனையத்தில் பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' கட்டளையின் சிறிய எக்ஸ் (-x) தெரிவுக்கு அதே எண்களைக் கொடுத்தேன், சரியாக வரவில்லையே?

பதில்: விம் கேட்பது அகலங்களை; லெஸ் கேட்பது வரித் தொடக்கத்திலிருந்து எண்ணிய இடங்களை. எண்களைக் கூட்டிக்கொண்டே வந்து 30,38,50 என்று கொடுங்கள். கடைசி இரண்டு நிறுத்தங்களுக்கு இடையிலான 12 இடமே அதன்பின்னும் தொடரும். வரி மடியாதிருக்கப் பெரிய எஸ் (-S) தெரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டேப்புகளை எல்லாம் இடைவெளிகளாக மாற்றிவிட்டால் தொல்லை தீருமே?

பதில்: தயவுசெய்து மூலக்கோப்பில் அதைச் செய்யாதீர்கள். நான் ஒருமுறை பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று அவ்வாறு மாற்றிச் சேமித்துவிட்டேன். அதைப் படிக்க வேண்டிய நிரல் ஒவ்வொரு வரியையும் ஒரே நெடுவரிசையாக எடுத்துக்கொண்டது. மதிப்புகளுக்குள்ளேயும் இடைவெளிகள் இருந்ததால், எது பிரிப்பான், எது பெயரின் பகுதி என்று பின்னர்க் கையால் பிரிக்க நேர்ந்தது. விஎஸ் கோட் உரைத்திருத்தியில் நெடுவரிசைத் தரவுக்கான ரெயின்போ சிஎஸ்வி நீட்சியின் 'அலைன்' கட்டளையும் உரைக்குள் இடைவெளிகளைச் சேர்ப்பதே. சேமிக்கும் முன் 'ஷ்ரிங்க்' கொண்டு நீக்கிவிடுங்கள்.

கேள்வி: ஆங்கிலத் தரவு நேராக நிற்கிறது, தமிழ்ப் பெயர்கள் வந்தால் மட்டும் கலைகிறது. ஏன்?

பதில்: நிறுத்தங்களை எழுத்து இடங்களால் எண்ணும் திருத்திகள், எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று கருதுகின்றன. தமிழில் 'ர' ஒடுங்கியது, 'ணௌ' மிக அகன்றது. 'கி' திரையில் ஓர் எழுத்தானாலும் யூனிகோடில் இரண்டு குறிகள். நிக் கிராவ்கார்ட் 2006இல் முன்வைத்த நெகிழ் டேப் நிறுத்த முறை, உரையின் உண்மையான திரை அகலத்தை அளந்து நிறுத்தங்களைத் தானே நகர்த்துவதால், நம் எழுத்துக்கு மிகவும் பொருந்தும். அந்த வசதி உங்கள் திருத்தியில் இல்லையென்றால், தமிழ் நெடுவரிசையைக் கடைசிக்கு மாற்றிய நகல் ஒன்றை வைத்துப் பாருங்கள். அதற்கு முன்னுள்ள எண்களும் குறியீடுகளும் நேராக நிற்கும்.