பாரிசை விட்டு, ஆற்றங்கரை இடைக்கால ஊர்களைப் பார்க்க வயதான பெற்றோரை அழைத்துப் போவது சரிவருமா?

சரிவரும். அந்த ஒரு சொல்லோடு நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியில், "கல்லையும் பாழடைந்த சுவரையும் தவிர அங்கே என்ன இருக்கிறது என்று உறவினர்கள் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ இதே சொற்களில் என் உறவினர்களும் என்னைக் கேட்டார்கள். குடும்பக் கொண்டாட்டங்களில் இன்றும் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பத்துப் பன்னிரண்டு நாள் விடுமுறையில் வருகிறீர்கள், வெளிநாட்டு வீதியில் வாகனம் ஓட்டத் தயங்குகிறீர்கள், பெற்றோரில் ஒருவருக்காவது முழங்கால் வலி இருக்கிறது என்றெல்லாம் ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன், தவறாயின் பொறுத்துக்கொள்ளுங்கள். தோர்தோன், லுவார் ஆற்றங்கரைகளை விட்டுவிட்டாயே என்று கேட்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவை குறைந்தவை என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது தென்மேற்குப் பிரான்சின் லொத் ஆறும், அதில் வந்து கலக்கும் செலே ஆறும்தான்.

முதல் தடவை நான் போனது 2016 ஆகஸ்ட் மாதத்தில், மைத்துனரின் காரில். ஒரே வார இறுதியில் சர்லா, பெனாக், தொம், ரொக்கமதூர், சான் சீர் லப்போப்பி என்று ஊர் ஊராக ஓடினோம். ஒவ்வோர் ஊரிலும் வாகனம் நிறுத்த இடம் தேடுவதில் அரை மணி நேரம் போனது. இறங்கிப் படம் எடுத்தோம், ஐஸ்கிரீம் வாங்கினோம், மீண்டும் ஏறினோம். கப்ரரே ஊரின் அருகிலுள்ள, ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் கொண்ட பெஷ் மெர்ல் குகைக்குப் போனபோது அன்றைய நுழைவுச்சீட்டுகள் தீர்ந்துவிட்டிருந்தன. ஓவியங்கள் கெடாதிருக்க நாளொன்றுக்கு 700 பேரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள் என்பதை முன்பே படித்துப் பதிவு செய்யாதது முழுக்க முழுக்க என் பிழை. வீடு திரும்பி அந்தப் படங்களைப் பார்த்தபோது எந்தத் தெரு எந்த ஊரினுடையது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. "கல்லைத் தவிர என்ன இருக்கிறது" என்ற கேலி பிறந்தது அந்தப் பயணத்தில்தான் என்பதையும், அதில் நியாயம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் தடவை, 2019 செப்டம்பர் இறுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துப் போனேன். அப்போது அவருக்கு 68 வயது, பிறந்தது நெடுந்தீவில். அவருடைய விசா விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்ட இடத்தில், பயணத் திட்டத்தைப் பார்த்த ஓர் அலுவலர், "ஐபிள் கோபுரம் இருக்க இந்தக் கிராமத்தில் உங்களுக்கு என்ன வேலை" என்று கேட்டதாக அம்மா சொன்னார். ஊர் பார்க்கும் ஆசைக்குக் கூடக் காரணம் காட்ட வேண்டியிருப்பது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும்தான் என்பதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, இருக்கட்டும்.

பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து காவோர் நகருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேர ரயில் பயணம். அங்கிருந்து லொத் கரையோரமாக ஃபிஜாக் நோக்கிப் போகும் பேருந்தில் ஏறி, சான் சீர் லப்போப்பிக்குக் கீழே ஆற்றின் மறுகரையில் இருக்கும் தூர் த ஃபோர் என்ற சிற்றூரில் இறங்கினோம். மேலே, குன்றின் மீதிருக்கும் ஊருக்குள்ளேயே தங்காமல் ஆற்றோரத்தில் அறை எடுத்தது அம்மாவின் முழங்காலை எண்ணித்தான். அது நான் எடுத்த முடிவுகளில் மிக நல்லது என்பேன்.

மறுநாள் அதே பேருந்தில் பூஸியேஸ் வரை போய், குறுகிய பாலத்தைக் கடந்து, படகு இழுக்கும் பாதையில் நடந்தோம். ஒரு காலத்தில் லொத் ஆற்றில் கபார் என்னும் தட்டைப் படகுகள் ஓடின. காவோரின் கருந்திராட்சை மது அவற்றில்தான் கரோன் ஆறு வழியாக போர்தோ துறைமுகத்துக்குப் போயிற்று. ஆற்றோடு இறங்கும் படகை இழுக்க யாரும் தேவையில்லை. எதிர்த்து ஏறும் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். பூஸியேசுக்கு அப்பால் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக ஆற்றுக்குள் இறங்குவதால், இழுப்பவர்கள் நடக்கக் கரையே இல்லை. அதற்காக 19ஆம் நூற்றாண்டில் பாறையின் இடுப்பைக் குடைந்து ஒரு பாதை வெட்டினார்கள். தலைக்கு மேல் பாறை கூரைபோல் கவிந்திருக்கிறது. அதில் உளி விழுந்த வரிகள் சாய்வாக, அடுத்தடுத்து, இன்றும் அப்படியே இருக்கின்றன. அம்மா கையை உயர்த்தி ஒரு வரியில் விரலை வைத்துப் பார்த்தார். பெருவிரல் சரியாக அதற்குள் அடங்கியது. பாதை சமதளமானது, வலியுள்ள காலுக்கும் ஏற்றது. பின்னர் இங்கே ரயில் பாதை வந்து படகுகள் ஒழிந்தன. இப்போது அந்த ரயிலும் இல்லை, நாங்கள் வந்த பேருந்துதான் ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை காலை, தங்குமிடத்து அம்மையார் தன் காரிலேயே எங்களை மேலே கொண்டுபோய் விட்டார். சான் சீர் லப்போப்பி ஆற்றுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் மேலே, பாறை விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிறது. இடைக்காலத்தில் பல பிரபுக் குடும்பங்கள் இதைப் பங்கிட்டு ஆண்டன. 1471இல் பதினோராம் லூயி மன்னரின் ஆணைப்படி கோட்டை இடிக்கப்பட்டதால், உச்சியில் இன்று மிச்சமிருப்பது சில சுவர்த் துண்டுகள்தான். ஊரைத் தாங்கியது கோட்டையைவிட மரக் கடைசல்தான் என்று எனக்குத் தோன்றியது: மதுப் பீப்பாய்களுக்கான மரக் குழாய்களைக் கடைந்தவர்கள் இந்தச் சரிவுத் தெருக்களில்தான் பட்டறை வைத்திருந்தார்கள். கீழே மது, ஆற்றில் படகு, மேலே பீப்பாய்க்குக் குழாய் என்று எல்லாம் ஒரே கயிற்றில் கோத்தவை என்பது, முந்தைய நாள் அந்தப் பாதையில் நடந்திராவிட்டால் எனக்குப் புரிந்திருக்காது. கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1950இல் இங்கே வந்து, பிறகு வீடும் வாங்கி, கோடை தோறும் தங்கினார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். 2012இல் இது பிரெஞ்சு மக்களின் அபிமான ஊராகத் தெரிவு செய்யப்பட்டதையும் சொல்வார்கள். அம்மாவுக்கு இரண்டிலும் அக்கறை இருக்கவில்லை.

அவருக்கு அக்கறை வந்தது ஊருக்குப் பின்னால், கோஸ் எனப்படும் சுண்ணாம்பு மேட்டுநிலத்தில். குட்டையான ஓக் மரங்கள், வறண்ட புல், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் உள்ள செம்மறிகள். இவற்றுக்கிடையே சாந்தே இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய மதில்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஓடுகின்றன. நிலத்தைப் பண்படுத்தப் பொறுக்கிய கற்களை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், உழவர்கள் வேலியாக்கிய மதில்கள் அவை.

"தம்பி, இது எங்கட நெடுந்தீவு வேலியெல்லோ" என்றார் அம்மா.

நெடுந்தீவைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே முருகைக்கல், இங்கே சுண்ணாம்புக்கல், அடுக்கிய கை மட்டும் ஒன்றுபோலிருக்கிறது. ஒரு கல் சரிந்து கிடந்த இடத்தில் அம்மா குனிந்து, அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அகலமான பக்கம் உள்ளே போக வைத்தார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பயணத்தையே எனக்கு விளங்க வைத்தது.

"ஆறு அங்க கீழ ஓடுது. மேல ஒரு கிணறும் காணேல்லை, குளமும் காணேல்லை. இந்தச் சனம் தண்ணிக்கு என்ன செய்ததுகள்?"

அன்று நண்பகலில் நல்ல மழை பெய்தது. மதிலோரத்துக் கற்குடிசை ஒன்றுக்குள் ஒதுங்கினோம். அதன் கூரையும் சாந்தில்லாத கல்தான், வட்டம் வட்டமாக உள்நோக்கி நெருக்கி அடுக்கியது. மழை விட்டதும் பார்த்தால் நிலத்தில் ஒரு குட்டை கூட இல்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே எல்லாம் கீழே போய்விடுகிறது. அதனால்தான் பெரிய ஊர்கள் ஆற்றங்கரையையும் ஊற்றுக்கண்களையும் ஒட்டியே இருக்கின்றன.

சனிக்கிழமை பெஷ் மெர்ல். இம்முறை பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தேன். 1922இல் இரண்டு பதின்ம வயதுச் சிறுவர்கள் கண்டுபிடித்த குகை அது. படிகள் உண்டு, குளிர் உண்டு. கம்பளிச் சட்டையும், பிடித்துக்கொள்ள ஒரு கையும் அவசியம். மேலிருந்த ஓக் மரமொன்றின் வேர் பாறையைத் துளைத்து, நீர் தேடிக் குகைக்குள் தொங்கிக்கொண்டிருந்ததை அம்மா எனக்குச் சுட்டிக்காட்டினார். ஏறத்தாழ 29,000 ஆண்டுப் பழமையான புள்ளிக் குதிரைகளின் முன் நின்றபோது, வழிகாட்டி பாறையின் இயல்பான விளிம்பே ஒரு குதிரையின் தலையாக அமைந்ததை விளக்கிக்கொண்டிருந்தார். நெடுந்தீவில் காட்டுக் குதிரைகளைப் பார்த்து வளர்ந்த அம்மா என் காதில், "தலை சின்னன், வயிறு பெருசு, சினைக் குதிரையாக்கும்" என்றார். வழிகாட்டியிடம் நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

நடைமுறைச் செய்திகள் சுருக்கமாக: மதிய உணவு பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரைதான், பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இது வாத்து இறைச்சி நாடு. மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸை ரொட்டியில் வாட்டி, வால்நட்டும் இலைகளும் சேர்த்துத் தருவார்கள். வெள்ளிக்கிழமை அம்மா அதைத்தான் சாப்பிட்டார்; ஊறுகாய் இல்லாத குறையை மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து நேரத்தை நான் சரியாகப் பார்க்காததால் ஒரு நாள் ஆற்றோரத்திலேயே கழிந்தது. பாரிஸில் இருப்பவனுக்கு இதெல்லாம் எளிது என்று சிலர் எழுதக்கூடும். ஓரளவு உண்மைதான், ஆனால் எங்களிடம் கார் இருக்கவில்லை.

திங்கட்கிழமை காவோரில் மாலை ரயிலுக்கு நேரமிருந்தது. 1308இல் கட்டத் தொடங்கிய வலாந்த்ரே பாலத்தை, அதன் மூன்று கோபுரங்களுக்குக் கீழாக, மெதுவாகக் கடந்தோம். அக்கரையில், பாறையடியிலிருந்து பச்சையாக நீர் பொங்கி லொத்தில் கலக்கிறது. இந்த ஊற்றைத் தெய்வமாகக் கொண்டாடியதால்தான் உரோமர் காலத்தில் நகரத்துக்கே திவோனா என்று பெயர். காணிக்கையாகப் போட்ட உரோமக் காசுகளும் இதற்குள் கிடைத்திருக்கின்றன. காவோரின் குடிநீர் இன்றும் இதுதான் என்றும், மேட்டுநிலத்தில் மறைந்த மழை பாறைக்குள்ளாக நடந்து இப்படி வெளியே வருகிறது என்றும் அம்மாவுக்குச் சொன்னேன்.

அவர் கைப்பையைத் திறந்து, கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்தார். "அப்ப வெள்ளிக்கிழமை மேல பெய்த மழையும் இதுக்குள்ள வருமோ?" என்று கேட்டார். வரலாம் என்றேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் இரண்டு தடவை சொல்லும் வரை அவர் அந்த இடத்தை விட்டு எழவில்லை.