லோஃபோட்டன் தீவுகளுக்கு வயதான பெற்றோரைக் குழுச் சுற்றுலாவில் கூட்டிப் போகலாமா?

ஒஸ்லோவில் வேலை செய்கிறீர்கள், பெற்றோருக்கு 70 வயது தாண்டிவிட்டது, அவர்களை நோர்வேயின் வடக்கில் இருக்கும் லோஃபோட்டன் தீவுகளுக்கு வழிகாட்டியோடு போகும் குழுவில் கூட்டிப் போவதா, நீங்களே கார் எடுத்துப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் ஊரிலிருந்து விசாவில் வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். குழுவில் போங்கள். ஆனால் எந்த மாதம், எந்த வழிகாட்டி என்பதை விசாரித்துப் போங்கள்.

இந்தக் கேள்விக்கு வந்த மற்றப் பதில்களையும் வாசித்தேன். மலை, கடற்கரை, வடக்கு ஒளி, எந்த இடத்தில் நின்று படம் எடுத்தால் வடிவாக இருக்கும் என்பதுதான் எல்லாவற்றிலும் இருக்கிறது. மீனைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. நான் நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் நின்று உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவன். எனக்கு அது மனதில் தைத்தது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கார் விஷயம். தீவுகளைப் பெருநிலத்தோடு இணைக்கும் லோஃபாஸ்ட் சாலை 2007 இறுதியில் திறந்த பிறகு, பெருநிலத்தில் இருக்கும் எவனெஸ் விமான நிலையத்தில் இறங்கிப் படகு ஏறாமலே லோஃபோட்டனின் ஸ்வொல்வேர் நகரம் வரை ஓட்டிவிடலாம். ஏறத்தாழ மூன்று மணி நேரம். அங்கிருந்து அதே E10 சாலை தீவுக்குத் தீவு பாலத்தாலும் கடலடிச் சுரங்கத்தாலும் தாவி, ஓ என்ற சின்ன ஊரில் முடிகிறது. கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் சாலை ஒடுக்கமானது, பக்கக் காற்று வண்டியையே தள்ளும், ரெய்னே என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்களில் விளக்கு மாறும்வரை காத்து நிற்க வேண்டும். கோடையில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். பின் இருக்கையில் அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு, பனிச்சாலையில் எதிரே மீன் லொறி வரும்போது உங்கள் கண் மலையில் இருக்காது.

"குழுவில் போனால் சுதந்திரம் இல்லை, காசும் கூட" என்று சிலர் சொல்வார்கள். காசு கூடத்தான், மறுக்கவில்லை. ஆனால் கார் வாடகை, எண்ணெய், விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் நோர்வே விலையில் கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இருக்காது. சுதந்திரம் என்றால், 25 வயதில் கூடாரம் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது சரி. ரெய்னேபிரிங்கன் மலைக்கு நேபாள ஷெர்பாக்கள் கட்டிய கற்படிகளில் ஏறி, 448 மீட்டர் உயரத்தில் நின்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தனியாகவே போகட்டும். முழங்கால் வலியோடு வரும் பெற்றோருக்கு வேண்டியது, வாசல்வரை வரும் பஸ்ஸும், காற்று கூடினால் படகுப் பயணத்தை நிறுத்திவிட்டு வேறு இடத்துக்குக் கூட்டிப் போகத் தெரிந்த ஆளும்.

இனி என் கதை. ரொறொன்ரோவிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். அண்ணி லோஃபோட்டன் படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு, அங்கே போகாமல் கனடா திரும்ப மாட்டேன் என்று நின்றார். மார்ச் மாதக் கடைசி. ஒரு சின்னக் குழுவில் பதிவு செய்தேன். வழிகாட்டி இளம் பெடியன், தெற்கு ஐரோப்பாவிலிருந்து பருவ வேலைக்கு வந்தவன். நல்ல பிள்ளை, அண்ணியின் கையைப் பிடித்து ஒவ்வொரு இடத்திலும் இறக்கிவிட்டான். ஆனால் அவனுடைய பேச்சு முழுக்க வைக்கிங் தலைவர்களும் புகைப்பட இடங்களும்தான். பொர்க் என்ற ஊரில் உழும்போது அகப்பட்ட தடயத்தைத் தோண்டிக் கண்டுபிடித்த 83 மீட்டர் நீளமான தலைவர் வீட்டை, இன்று அருங்காட்சியகமாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றி விரிவாகவே சொன்னான். நன்றாகத்தான் இருந்தது.

ஹெனிங்ஸ்வேர் என்ற மீனவ ஊருக்குப் போகும் வழியில் கடலோரப் பாறைகளில் மரச்சட்டங்கள் கோபுரம் கோபுரமாக நிற்கும். அதில் ஆயிரக்கணக்கில் மீன் தொங்கும். பஸ் நின்றது. இறங்கிய சிலர் மூக்கைப் பொத்தினார்கள். ஒரு பெண், "இதை ஏன் இப்படி அழுக விட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார். வழிகாட்டி, "காய்ந்த பிறகு இத்தாலிக்குப் போகும்" என்று ஒரு வசனத்தில் முடித்துவிட்டு, படம் எடுக்கப் பத்து நிமிடம் என்றான்.

என்னால் பேசாமல் நிற்க முடியவில்லை. தம்பி, எனக்கு ஐந்து நிமிடம் தா என்று அவனிடம் கேட்டேன். தந்தான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இது அழுகிற மீன் இல்லை. பாரன்ட்ஸ் கடலில் வளர்ந்த கொட் மீன், முட்டையிடுவதற்காக ஒவ்வொரு குளிர்காலமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி இந்தத் தீவுகளுக்கு வருகிறது. ஸ்க்ரெய் என்பார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் அதன் காலம். பிடித்த கையோடு தலையை வெட்டி, குடலை எடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிடுவார்கள். எங்கள் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் போல, இதற்குக் காற்றும் குளிரும். ஒரு கல் உப்புகூடச் சேர்ப்பதில்லை. வட துருவ வட்டத்துக்கு மேலே இருந்தாலும், சூடான கடல் நீரோட்டத்தால் இங்கே குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்தைச் சுற்றியே நிற்கும். அதற்குக் கீழே கடுமையாகப் போனால் மீனின் தசை உறைந்து வெடித்துவிடும், மேலே போனால் ஈ மொய்க்கும். உலகத்தில் இந்த அளவாக அமைந்த இடங்கள் மிகக் குறைவு. மே, ஜூனில் இறக்கும்போது மீனின் தண்ணீரில் பெரும்பகுதி போய், விறகுக்கட்டை மாதிரி இருக்கும். பிறகு தரம் பிரிக்கிறவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, மணந்து, ஏறத்தாழ 20 தரமாகப் பிரிப்பார். தலைகளைத் தனியே கோத்துக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே குழம்புக்கு அதுதான் ருசி. இத்தாலிக்கும் இந்த மீனுக்கும் உள்ள உறவு பழையது: 1432 தொடக்கத்தில் கப்பல் உடைந்து ரொஸ்ட் தீவில் ஒதுங்கிய வெனிஸ் வணிகர் குவெரினியையும் அவருடைய ஆட்களையும் தீவுச் சனம் காப்பாற்றிச் சாப்பாடு போட்டார்கள். அவர் ஊர் திரும்பி எழுதிய குறிப்பில் இந்தக் காய்ந்த மீனும் இருக்கிறது.

அப்புறம் கொஞ்சம் என்னைப் பற்றியும் சொன்னேன். எண்பதுகளின் கடைசியில் எங்களைப் போன்ற தமிழ்ப் பெடியன்கள் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க் கரையோர ஊர்களுக்கு வேலை தேடிப் போனோம். உள்ளூர் இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட்டதால் மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. வெள்ளை அங்கி, இறப்பர் சப்பாத்து, காதை மூடும் கருவி. கீழே இருந்து வெளிச்சம் வரும் மேசையில் மீன் துண்டை வைத்து, முள்ளையும் புழுவையும் பார்த்து வெட்டி எடுக்க வேண்டும். எவ்வளவு வெட்டுகிறாய் என்பதைப் பொறுத்து மேலதிகக் காசு. குளிர்காலத்தில் சூரியனே இல்லாத காலையில் உள்ளே போய், சூரியனே இல்லாத பின்னேரத்தில் வெளியே வருவோம். அதுவும் இந்தத் தீவுகளுக்கு வரும் அதே மீன்தான்.

அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொழும்பில் லொட்ஜில் தங்கி ஏஜென்சிக்குக் காசு கட்டி அவர் கனடா போனதற்கு நான் அனுப்பிய காசு, அந்த மேசையில் உழைத்த காசு. அது அவருக்குத் தெரியும். ஆனால் அது என்ன மாதிரி வேலை என்று ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்று எல்லாரும் பஸ்ஸில் ஏறிய பிறகும் அவர் அந்தச் சட்டங்களுக்குக் கீழே நின்றார். ஒரு மீனைத் தொட்டுப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

பஸ் சாரதி வடக்கத்தியவர், வயதானவர், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். என்னிடம் நோர்வே மொழியில், தன் தாயும் மீன் பொதி செய்யும் வேலைதான் செய்தவர் என்றார். பிறகு வழிகாட்டியிடம் ஏதோ சொல்லி, திட்டத்தில் இல்லாத ஒரு மீன் இறங்குதுறைக்கு வண்டியைத் திருப்பினார். அங்கே பள்ளிக்கூடம் முடிந்து வந்த பிள்ளைகள் மீன் தலைகளிலிருந்து நாக்கை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கில் அது பிள்ளைகளின் பரம்பரை உரிமை. நாக்கை விற்கும் காசு அவர்களுக்கே. மூக்கைப் பொத்திய அதே பெண் அங்கே அரை மணி நேரம் நின்று, அந்தப் பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டிருந்தார். ட்ரோல்ஃபியூர்ட் என்ற ஒடுங்கிய கடற்கழிக்குப் போன படகுப் பயணத்தில் வெள்ளைவால் கடற்கழுகுகளைப் பார்த்தோம், ரெய்னேயில் சிவப்பு மீனவர் குடில்களைப் பார்த்தோம். ஆனால் கடைசி நாளில் குழுவில் எல்லாரும் பேசியது அந்தத் துறையைப் பற்றித்தான். வழிகாட்டிப் பெடியனும் நான் சொன்னதைக் கைபேசியில் குறித்துக்கொண்டு, அடுத்த குழுவுக்குச் சொல்வேன் என்றான்.

கேள்விக்கு வெளியே ஒன்று சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்களின் ஆண்டுவிழா மலர்களை எடுத்துப் பாருங்கள். வைத்தியர், பொறியியலாளர், மாநகரசபை உறுப்பினர் எல்லாருக்கும் படத்தோடு பக்கம் இருக்கும். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, என் மகளும் படித்து நல்ல வேலையில்தான் இருக்கிறாள். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் படிக்கவைத்த மீன் மேசைக்கு அரைப் பக்கம்கூடக் கிடையாது. தோள்பட்டை தேய்ந்துபோன பெண்கள் எத்தனை பேர் எங்களுக்குள் இருக்கிறார்கள்! நோர்வேக்கும் எங்களுக்கும் உள்ள உறவே மீனில் தொடங்கியதுதான். 1956ல் இங்கே வந்த அன்ரனி இராஜேந்திரம் என்ற தமிழர், பிறகு நோர்வே நண்பர்களோடு சேர்ந்து யாழ்ப்பாணத்தில், குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரில் படகுத்துறையும் அமைத்தார். சீநோர் என்ற அந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் ஊரில் வயதானவர்களுக்கு இன்றும் தெரியும். உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். வெட்கப்பட்டு மறைக்க இதில் என்ன இருக்கிறது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் போகாதீர்கள். மாத நடுவரை நள்ளிரவுச் சூரியன் இருக்கும், ஆனால் மீனை இறக்கிவிட்டிருப்பார்கள், வெறும் சட்டங்கள்தான் நிற்கும், கூட்டமும் தாங்காது. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை நல்லது. மலையில் பனி இருக்கும், பகல் நீண்டிருக்கும், வானம் தெளிந்தால் மார்ச் இரவில் வடக்கு ஒளியும் கிடைக்கும். விசாவில் அதிகபட்சம் 90 நாள்தான் தருவார்கள் என்பதால், அவர்களை மார்ச்சில் இங்கே இறங்கும்படி வரவழையுங்கள். "குளிரில் முதியவர்களை வதைக்கச் சொல்கிறாய்" என்று யாராவது கீழே எழுதக்கூடும். உள்ளே கம்பளி உடுப்பு, வெளியே காற்றுப் புகாத அங்கி, சப்பாத்துக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டி மூன்றும் இருந்தால் குளிர் தாங்கும். அந்த ஆணிப்பட்டியை மறக்கவே கூடாது, மற்றவற்றை அங்கேயும் வாங்கலாம்.

பதிவு செய்யும் முன் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்: மீன் இறங்குதுறைக்கோ மீன் காயவைக்கும் களத்துக்கோ கூட்டிப் போவீர்களா, வழிகாட்டி வடக்கில் வாழ்ந்தவரா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பஸ்ஸில் இருக்க வேண்டும், படகு ஓடாவிட்டால் என்ன செய்வீர்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு குழுவைத் தேடுங்கள். ஓ ஊரில் இருக்கும் மீன்பிடிக் கிராம அருங்காட்சியகம் பயணத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன வயதில் எங்களுக்குக் கரண்டியில் ஊற்றிய கொட் லிவர் எண்ணெயை எப்படிக் காய்ச்சினார்கள் என்று அங்கே காட்டுவார்கள்.

அம்மா மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். அங்கே உணவகங்களில் மீன் சூப்பில்தான் எல்லாம் தொடங்கும். நாங்கள் அண்ணியின் வெள்ளிக்கிழமை விரதத்துக்குச் சோறும் பருப்பும் விடுதிச் சமையலறையிலேயே சமைத்தோம், அடுப்புள்ள மீனவர் குடிலாகக் கேட்டு எடுத்தால் அந்தக் கவலையும் இருக்காது.