மாடித் தோட்டம் கேள்வி–பதில்: கீரைப் பையைக் கிளறும் பூனைகள்

பூனைத் தொல்லை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

கீரை விதைத்த மறுநாளே அக்கம்பக்கத்துப் பூனைகள் வந்து பையைக் கிளறி அசிங்கம் செய்துவிட்டுப் போகின்றன. ஆரஞ்சுத் தோல், காபித் தூள் சக்கை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. வேறு என்னதான் செய்வது?
– வாசகி, மேடவாக்கம்

உலர்ந்த, பொலபொலவென்ற, நகம் சுலபமாக இறங்கும் மண்ணைத்தான் பூனை தேடும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நீங்கள் விதைப்புக்குத் தயார் செய்யும் பை அதற்கு அப்படியே பொருந்திவிடுகிறது. ஆரஞ்சுத் தோல் நம்மூர் வெயிலில் ஒரே நாளில் காய்ந்து வாசனை போய்விடும். காபிச் சக்கையும் அப்படித்தான். வாசனையை நம்பாமல், மண்ணின் மேல்பரப்பில் பூனையால் தோண்ட முடியாதபடி செய்யுங்கள்.

முதல் வேலை, பழைய வாடையை எடுப்பது. கழிவைச் சுற்றி நாலு விரல் அகலம், கீழே மூன்று அங்குலம் மண்ணோடு சேர்த்துக் கொத்துக்கரண்டியால் அள்ளிவிடுங்கள். இதைச் செய்யாமல் மேலே எதைப் பரப்பினாலும் பூனை மோப்பம் பிடித்து அதே இடத்துக்குத்தான் வரும்.

அடுத்தது வலை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கோழி வலையில் ஒரு அங்குலக் கண் உள்ளதை வாங்குங்கள். பையின் வாயளவுக்கு வெட்டி, மண்மேல் படுக்க வைத்து, கட்டுக்கம்பியை ஆறு அங்குலத் துண்டுகளாக வெட்டி ‘ப’ போல வளைத்து நாலைந்து இடத்தில் குத்தி இறுக்குங்கள். வெட்டிய ஓரக் கம்பிகளைக் கீழ்நோக்கி மடக்க மறக்காதீர்கள். முதலில் கிழிபடுவது உங்கள் கைதான். மேலே அரை அங்குலம் மண் தூவி விதைக்கலாம், முளை கண் வழியாக வந்துவிடும். பூனை இரண்டு முறை பிறாண்டிப் பார்க்கும், நகம் கம்பியில் மாட்டியதும் போய்விடும். வலை தளர்ந்து தூக்கிக்கொண்டு நின்றால் ஓரத்தில் காலை விட்டுத் தோண்டிவிடும், ஆகவே ஓரங்கள் படிந்திருக்க வேண்டும்.

எல்லாக் கீரைக்கும் இது சரிவராது. பாலக், பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி போல வெட்ட வெட்டத் துளிர்ப்பவற்றுக்கு வலை நிரந்தரமாகவே கிடக்கலாம். வேரோடு பிடுங்கும் சிறுகீரை, முளைக்கீரைக்கு வலை போட்டால் அறுவடையன்று வலையும் சேர்ந்து வரும். முள்ளங்கிக்கும் வேண்டாம், கிழங்கு கண்ணில் சிக்கி இடுப்பு சிறுத்துவிடும். கத்தரி, மிளகாய்க்கு வலையை ஓர் ஓரத்திலிருந்து நடுவரை வெட்டி, நடுவில் மூன்று அங்குல வட்டம் விடுங்கள். இல்லாவிட்டால் தண்டு பருக்கும்போது கம்பி அதை அறுத்துக்கொண்டிருக்கும். செடி வாடிய பிறகுதான் தெரியும்.

பிடுங்கும் கீரைக்கு ஈர்க்குச்சி போதும். தென்னை விளக்குமாற்றின் தடித்த அடிப்பகுதியை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, பாதிக்கு மேல் மண்ணில் இறக்குங்கள். மூன்று அங்குலத்துக்கு ஒன்று என்றால், இரண்டடிக்கு ஓரடி கீரைப் பைக்கு முப்பது குச்சி ஆகும். பூனைக்குத் திரும்பிக் குந்த இடம் இருக்காது. ஐந்தாறு அங்குல இடைவெளி விட்டவர்கள்தான் ‘குச்சியும் பலிக்கவில்லை’ என்கிறார்கள். கூர்முனை மேலே நிற்க வேண்டாம். குனிந்து களை எடுக்கும்போது கண்ணில் குத்திவிடும். கீரை நாலு விரல் உயரம் அடர்ந்துவிட்டால் குச்சிகளை உருவிவிடலாம், வெற்று மண் தெரியாத இடத்தைப் பூனை அதிகம் நாடாது.

பெரிய தொட்டிகளில் கூழாங்கல்லோ, உடைத்த கொட்டாங்கச்சியோ, தேங்காய் மட்டைத் துண்டுகளோ இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பலாம். நார்த்தூளை மட்டும் மூடாக்காகப் போடாதீர்கள். அது பூனைக்கு மெத்தை.

மாலையில் தண்ணீர் ஊற்றி மண்ணை ஈரமாக வைத்தால் பூனை வராது என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

ஈர மண்ணைப் பூனை தவிர்க்கும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் இரவெல்லாம் மேல்மண் நனைந்திருந்தால் நாற்றுகளுக்கு அழுகல் வரும். வளர்ந்த செடிகளுக்குச் செய்யலாம், நாற்றுத் தட்டுக்கு வேண்டாம்.

மீன் அமிலம் ஊற்றிய பைகளை மட்டும் தேடித் தேடித் தோண்டுகிறது. குப்பைமேனி பிடுங்கிப் போட்ட இடத்திலும் புரள்கிறது. ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

இரண்டையும் நீங்களே சரியாகக் கவனித்துவிட்டீர்கள். மீன் அமிலம், எலும்புத் தூள், தொட்டியில் புதைத்த மீன் கழிவு மூன்றுமே பூனைக்கு விருந்து அழைப்பு. மண்ணில் ஊற்றும் பழக்கத்தை நிறுத்திவிட்டு, கடலைப் பிண்ணாக்குக் கரைசலுக்கோ, லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யத்துக்கோ மாறுங்கள்.

குப்பைமேனியின் வேர் வாசனை பூனையைக் கிறங்க வைக்கும். பிடுங்கி வேர் வெளியே தெரிந்ததும் வந்து நக்கும், புரளும். களை எடுத்தால் வேரை அங்கேயே போடாமல் அப்புறப்படுத்துங்கள். தோட்டத்திலிருந்து தூரமான மூலையில் ஒரு குப்பைமேனியை விட்டுவைத்து, பூனையை அந்தப் பக்கம் இழுப்பவர்களும் உண்டு. கெட்ட யோசனை இல்லை.

பாச்சா உருண்டை, பினாயில், மிளகாய்த் தூள் இவற்றில் எது நல்லது?
– வாசகர், மதுரை

எதுவும் இல்லை. பாச்சா உருண்டையில் இருப்பது நாஃப்தலின். அது பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மிட்டாய் என்று வாயில் போடும் குழந்தைக்கும் அதே கதிதான். உண்ணும் கீரை வளரும் மண்ணில் அதற்கு வேலையே இல்லை. பினாயில் வகைகளில் உள்ள ஃபீனால் சேர்மங்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது, பாதத்தை நக்கியே நஞ்சேறிவிடும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களையும் அது விடாது. மிளகாய்த் தூள் பூனையின் பாதத்திலிருந்து கண்ணுக்குப் போகும், காற்றடித்தால் உங்கள் கண்ணுக்கும் வரும்.

விஷம் வைப்பது பற்றியும் சிலர் எழுதியிருக்கிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவின்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

நீலம் கலந்த தண்ணீர் பாட்டில் தொங்கவிட்டால்?
– வாசகி, சேலம்

பாட்டிலுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும்.

மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பூனை அசிங்கம் செய்த பையிலிருந்து கொத்தமல்லி பறித்துச் சட்னி அரைத்துவிட்டோம். பயமாக இருக்கிறது.
– வாசகி, கோவை

டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். தேவை என்றால் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். கவலைக்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. எல்லாப் பூனையின் கழிவிலும் அது இருக்காது. முதல் முறை தொற்று வந்த பூனை சில வாரங்கள் மட்டுமே அதை வெளியேற்றும். ஆனால் வெளியேறிய முட்டைகள் 1 முதல் 5 நாளில் தொற்றும் நிலைக்கு வந்து, நிழலான ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். கர்ப்ப காலத்தில் முதன்முதலாகத் தொற்றினால்தான் குழந்தைக்கு ஆபத்து. முன்பே வந்துபோயிருந்தால் பெரும்பாலும் பயமில்லை.

உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் ஊறவைப்பது இந்த முட்டைகளைக் கொல்லாது. ஓடும் தண்ணீரில் தண்டையும் இலையையும் தேய்த்துக் கழுவினால் மண்ணோடு பெரும்பகுதி போய்விடும். கொதிக்க வேகவைத்தால் அழியும். ஆகவே கொத்தமல்லி, புதினா, வெள்ளரி என்று பச்சையாக உண்பவற்றுக்குத்தான் முதலில் வலை போட வேண்டும். வேகவைக்கும் கீரை அடுத்தபடி. மகள் தோட்ட வேலையைக் குழந்தை பிறக்கும்வரை வேறு யாரிடமாவது விட்டுவிடட்டும். மற்றவர்களும் கையுறை போட்டு, முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள்.

மாட்டுச் சாணம் உரமாகிறதே, பூனைக் கழிவைக் கம்போஸ்ட் தொட்டியில் போட்டால் என்ன?
– வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். இறைச்சி தின்னும் பிராணியின் கழிவில் மேலே சொன்ன ஒட்டுண்ணியும் உருண்டைப் புழு முட்டையும் இருக்கலாம். வீட்டுக் கம்போஸ்ட் தொட்டியில் அவற்றைக் கொல்லும் அளவு சூடு ஏறுவதும் நிலைப்பதும் அபூர்வம். காய்கறிப் பாத்தியையும் கிணற்றையும் விட்டுத் தள்ளி ஓரடிக் குழியில் புதைத்துவிடுங்கள்.

ஒரு கடுவன் பூனை தொட்டிகளின் பக்கவாட்டிலும் துளசியிலும் பீய்ச்சிவிட்டுப் போகிறது. கழுவினாலும் நாற்றம் போகவில்லை.
– வாசகி, அம்பத்தூர்

இது மலம் கழிக்க வரும் பூனையின் கதையே இல்லை, எல்லை குறிக்கிறது. அதனால் வலையும் குச்சியும் இங்கே உதவாது. சிறுநீரில் உள்ள யூரிக் அமில உப்புகள் தண்ணீரில் எளிதில் கரையாது, மழை பட்டால் நாற்றம் மறுபடி கிளம்பும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த துப்புரவுத் திரவத்தைத் தொட்டியின் வெளிப்புறத்தில் ஊற்றி, புட்டியில் சொன்ன நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் புகை வரும். துளசியை உடனே நிறையத் தண்ணீரால் அலசினால் இலை கருகாது.

நிரந்தரத் தீர்வு கருத்தடைதான். செய்தபின் பெரும்பாலான கடுவன்கள் பீய்ச்சுவதை நிறுத்திவிடும், சிலவற்றுக்குச் சில வாரம் பிடிக்கும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். பூனைக்குச் சோறு வைப்பவர் யாரென்று தெரிந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள், கூண்டுக்குள் அது அவரை நம்பித்தான் போகும். அவர் வீட்டுப் பக்கமே இரண்டடிக்கு ஒன்றரை அடி டப்பில் நாலு அங்குலம் உலர்ந்த மணல் வைக்கச் சொன்னால் மற்ற பூனைகளும் உங்கள் பைகளை விட்டு அங்கே போகத் தொடங்கும். தினமும் அள்ளாவிட்டால் இரண்டே நாளில் திரும்ப உங்கள் மாடிக்குத்தான் வரும்.